எந்த ஆண்டின் புத்திமதி இது?

2022 ஜூன் மாதம் இலங்கை அரசாங்கம் தன் ஊழியர்களுக்கு அடுத்தடுத்து இரண்டு அறிவித்தல்களை விடுத்தது. பெரும்பாலான அரச ஊழியர்கள் வெள்ளிக்கிழமைகளில் அலுவலகம் வர வேண்டியதில்லை, வீட்டுத் தோட்டத்தில் பயிர் வைக்கலாம் என்றது முதலாவது. விரும்பியவர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத விடுமுறையில் வெளிநாடு போய் உழைக்கலாம், சேவை மூப்பும் இளைப்பாற்றுச் சம்பளமும் பாதிக்கப்படாது என்றது அடுத்தது. திறைசேரியில் டொலர் இல்லை. பெற்றோல் நிலையங்களில் வரிசை நாள்கணக்கில் நின்றது.

'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்' என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளை வளர்த்த குடும்பங்கள் கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஏராளம். அந்தக் கோறணமேந்தே தன் ஆட்களிடம் தோட்டம் செய்யுங்கள், முடிந்தால் வெளியே போய் உழையுங்கள் என்று எழுத்தில் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் அந்தப் புத்திமதி ஓயவில்லை.

உயர்தரப் பரீட்சை முடிவு வந்த வாரத்தில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஏதாவது ஒரு தொடர்மாடியின் முன்னறையில் இருந்து பார்த்தால் இது விளங்கும். அப்பப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, கிளறிக்கல் என்டாலும் பரவாயில்லை, அரசாங்கத்துக்குள்ள போயிடு" என்பார். தகப்பனுக்குப் படிப்பு என்றால் பொறியியல்தான். கனடாவின் ஸ்காபரோவில் இருந்து வட்ஸ்அப்பில் வரும் மாமா, இங்கே இருந்து ஒன்றும் செய்ய ஏலாது, எப்படியாவது வெளிக்கிடு என்று சொல்வார். சிமா முடித்த பெரியம்மாவின் மகள், கணக்கியலை விட்டுவிட்டு ஐ.ரி. படி என்று குறுஞ்செய்தி அனுப்புவாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும்.

நால்வரும் அன்பினால்தான் சொல்கிறார்கள். நால்வர் சொல்வதும் ஒரு காலத்தில் பலித்தது. ஆனால் எந்த ஆண்டில், யாருக்கு, என்ன விலைக்குப் பலித்தது என்பதை அவர்களில் ஒருவரும் சொல்வதில்லை. கணக்கைச் செய்துகாட்டாமல் விடையை மட்டும் கையில் கொடுக்கிறார்கள். நமது வீடுகளில் தலைமுறைகளுக்கு இடையே வரும் மனக்கசப்பில் பெரும் பகுதி இதனால்தான் வருகிறது.

அப்பப்பாவின் விடைக்குப் பின்னால் இருந்த கணக்கு பெரியது. அமெரிக்க மிஷனரிகள் 1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். மழையை நம்பிய வரண்ட நிலத்தில் குடும்பத்துக்கு ஒரு துண்டுக் காணி வைத்திருந்த சமூகத்துக்கு ஆங்கிலப் படிப்பு ஒரு வெளிவாசல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அந்த வாசலால் வந்தவர்கள்தான். பிறகு மலாயாவில் ரயில் பாதை போட்டபோது யாழ்ப்பாணத்து இளைஞர்கள் எழுதுவினைஞர்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் கப்பலேறினார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊரில் கல்வீடுகள் எழுந்தன. மாதம் தவறாத சம்பளம், இளைப்பாறிய பின் பென்ஷன், உத்தியோகத்தர் காலமான பிறகு மனைவிக்கும் ஒரு தொகை. அந்த நாளில் இந்த மூன்றையும் வேறு எந்தத் தொழிலும் தரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரச உத்தியோகம் சோற்றோடு நேரத்தையும் தந்தது. தாமோதரம்பிள்ளை உத்தியோகம் பார்த்த மனிதர். கலித்தொகையை 1887இல் அச்சுக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். நவீன ஈழத்துக் கவிதையின் முன்னோடியான மகாகவி உருத்திரமூர்த்தி அரசாங்க எழுதுவினைஞராகத் தொடங்கி, நிர்வாக சேவைக்கு உயர்ந்தவர். மாலை நான்கரைக்கு மேசையைப் பூட்டிவிட்டுப் புறப்படக்கூடிய வேலை இல்லாதிருந்தால் நமது இலக்கியத்தில் ஒரு பங்கு எழுதப்பட்டிருக்காது. அப்பப்பாவின் புத்திமதியில் இன்றைக்கும் பெறுமதியுள்ள பகுதி இதுவென்றே தோன்றுகிறது. அவரோ பென்ஷனைப் பற்றித்தான் பேசுவார், இதைச் சொல்லமாட்டார்.

அந்த வாசல் 1956இல் ஒடுங்கியது. சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. சிங்களத் தேர்ச்சி இல்லாத தமிழ் உத்தியோகத்தருக்குப் பதவி உயர்வு நின்றது. பலர் காலத்துக்கு முன்பே இளைப்பாறினார்கள். அடுத்த அடி பிள்ளைகளுக்கு விழுந்தது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபோது, பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ் மொழி மூல மாணவர் 250 புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. சிங்கள மொழி மூல மாணவருக்கு 227 போதும். ஒரு சில புள்ளிகளால் பொறியியலாளராக முடியாமற்போன பையன்தான் இன்று முன்னறையில் இருக்கும் தகப்பன், அல்லது அவருடைய அண்ணன். மகன் பொறியியல் படிக்க வேண்டும் என்று அவர் நிற்பது தொழிற்சந்தையைப் பார்த்து எடுத்த முடிவல்ல. தனக்கு முன்னால் சாத்தப்பட்ட கதவை மகனைக் கொண்டு திறக்கப் பார்க்கிறார். அவர் தன் பெறுபேற்றுத் தாளை மகனுக்குக் காட்டியிருந்தால், மகனுக்குத் தகப்பனின் பிடிவாதம் வேறு விதமாக விளங்கியிருக்கும்.

அதே 1970களில் யாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. பாணுக்கு வரிசை, அரிசிக்குக் கூப்பன். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கோ அது பொற்காலம். வெங்காயமும் மிளகாயும் கேட்ட விலைக்குப் போயின. படிக்கப் போகாமல் துலா மிதித்த தம்பி, கொழும்பில் கோப்பு எழுதிய அண்ணனைவிட நன்றாக வாழ்ந்த வருடங்கள் அவை. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது, வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் சந்தைக்கு வந்தன, விலை விழுந்தது. 'தோட்டம் செய்' என்ற புத்திமதி ஏழே வருடம் பொன்னாக இருந்தது. எட்டாவது வருடத்தில் அதைக் கேட்டவன் கடன்பட்டான். சொன்னவரும் கேட்டவனும் பிழை விடவில்லை. காலம் நடுவில் மாறிவிட்டது.

பிறகு 1983 ஜூலை, தமிழருக்கு எதிரான வன்முறை. வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தன. கொட்டாஞ்சேனையும் தப்பவில்லை. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானையிலும் அகதிகளாக இருந்தவர்கள் கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்து இரண்டு புத்திமதிகள் பிறந்தன: வெளியே போ, கொழும்பில் காணி பூமி வாங்காதே.

இரண்டாவதைக் கேட்டவர்கள் இழந்தார்கள். 1990களில் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்தவர்களும் புலம்பெயர்ந்தவர்களின் பணமும் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தபோது, ஒற்றை மாடி வீடுகள் நின்ற ஒழுங்கைகளில் தொடர்மாடிகள் எழுந்தன. எரிந்த இடத்திலேயே திரும்ப வாங்கியவர்களின் பிள்ளைகள் இன்று அந்தக் காணியின் மேல் நிற்கிறார்கள். பயந்து விற்றவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. எரிந்த வீட்டுக்குள் நின்றவருக்கு இருபது வருடத்துக்குப் பிந்திய காணி விலை எப்படித் தெரியும்?

முதலாவது புத்திமதியின் கதை நீளமானது. 1986 ஆகஸ்ட்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் ஒரு மீனவர் கண்டு காப்பாற்றினார். கனடா அவர்களைத் தங்கவிட்டது. வேலை செய்ய அனுமதித்தது. 2010 ஆகஸ்ட்டில் 'சன் சீ' கப்பலில் 492 தமிழர்கள் அதே நாட்டின் மேற்குக் கரையை அடைந்தார்கள். இந்த முறை காத்திருந்தது தடுப்புக் காவல். பலர் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். ஸ்காபரோ மாமாவின் அனுபவம் முதல் படகின் காலத்தைச் சேர்ந்தது. அவர் கோப்பை கழுவி, இரண்டு வேலை செய்து, வீடு வாங்கியது உண்மை. அன்று ரொறன்ரோவில் வீடு என்ன விலை, இன்று என்ன விலை என்பதையும் அவர் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்றைய வாசல் மாணவர் விசா. அதற்கும் நிபந்தனைகள் மாறிவிட்டன. கனடாவுக்குப் படிக்கப் போகிறவர் வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை நெடுங்காலம் 10,000 கனேடிய டொலராக இருந்தது. 2024 ஜனவரியில் அது 20,635 ஆனது. அதே மாதத்தில் மாணவர் எண்ணிக்கைக்கு உச்ச வரம்பும் வந்தது. பிரித்தானியா 2024 ஜனவரியில் இருந்து பெரும்பாலான மாணவர்கள் குடும்பத்தைக் கூட்டிவருவதை நிறுத்தியது. பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டில் இருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலையில் மூடியது. அந்த வேலையை நம்பி முகவருக்கு முற்பணம் கட்டிய குடும்பங்களுக்கு, 2022இல் போன ஒருவரின் வெற்றிக் கதையைத்தான் காட்டியிருப்பார்கள். மூன்றே வருடத்தில் அது பழங்கதை.

இவ்வளவும் சொன்னது போகாதே என்று சொல்வதற்காக இல்லை. 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துகொண்டு போனார்கள். பத்தரமுல்லையில் கடவுச்சீட்டுக்கு மக்கள் விடிய விடிய வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குக் காரணம் இருந்தது. ஆனால் போவதா இல்லையா என்பதைவிட, போகிற ஆண்டின் விதி என்ன என்பதுதான் ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காப்பாற்றும் கேள்வி.

சேமிப்பு என்றதும் இன்னொரு பழைய புத்திமதி வரும்: வங்கியில் நிலையான வைப்பில் போடு, வட்டியில் வாழலாம். 2021இல் வைப்பு வட்டி ஒற்றை இலக்கத்தில் கிடந்தது. 2022 செப்ரெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவுக்குச் சற்று மேலே இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு வட்டியில் மருந்து வாங்கியவராக இருந்தால், அந்த வருடம் அவருக்கு எப்படிப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தனியார் துறை ஊழியரின் ஊழியர் சேமலாப நிதியும் தப்பவில்லை. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது நிதியிடம் இருந்த திறைசேரிப் பிணையங்கள் மாற்றப்பட்டன. புதியவற்றுக்கு 2025 வரை 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் என்று தீர்மானிக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், சம்பளத்தில் 8 சதவீதம் ஊழியரும் 12 சதவீதம் முதலாளியும் போட்டு வரும் பணம் அது.

இங்கே ஒரு பழைய சொல் வென்றது: தங்கம் சேர். செட்டியார் தெருவில் மாதம் மாதம் சீட்டுக் கட்டி ஒவ்வொரு பவுணாகச் சேர்த்த அம்மம்மாவைப் பேரப்பிள்ளைகள் பழைய ஆள் என்றார்கள். டொலர் ஏற ஏறத் தங்கமும் ரூபாவில் ஏறியது. அவர் பொருளாதாரம் படித்தவரல்ல. 1983இல் கையில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடியது எது என்று பார்த்தவர். அந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைக்கு அது பிரயோசனப்படும்; பெண்பிள்ளைக்கு நகை வேண்டும் என்று மட்டும் சொன்னால் அது வெறும் வழக்கமாகி நின்றுவிடும்.

பெண்பிள்ளை என்றால் புத்திமதி இன்னும் குறுகுகிறது. ரீச்சர் வேலை நல்லது, இரண்டு மணிக்கு வீட்டுக்கு வரலாம். படித்தது போதும், மாப்பிள்ளை பார்க்கட்டும். சீதனத்துக்கு ஒரு வீடு. வெள்ளவத்தையில் சீதன வீட்டுக்காக ஒரு குடும்பம் தன் இருபது வருட உழைப்பை முடக்குவது இன்றும் சாதாரணம். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கேட்டு, கணக்கியல் தொழிற்பரீட்சைகளை எழுதி முடிக்க விரும்பிய மகளுக்கு 'கலியாணத்துக்குப் பிறகு படிக்கலாம்' என்ற பதில் கிடைக்கிறது. இது காலாவதியான புத்திமதி மட்டுமல்ல, அநியாயமும்கூட. இந்த ஒன்றில் பெரியவர்களுக்குச் சலுகை காட்ட முடியாது.

கணக்கைச் செய்துகாட்டுவது என்றால் என்ன என்பதற்கு ஒரு உதாரணம். 'சேர்ந்த கம்பனியில் ஐந்து வருடமாவது இரு' என்று தகப்பன்மார் சொல்வார்கள். அதன் வேர் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தில் இருக்கிறது. ஐந்து வருடம் முடித்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. ஐந்தாவது வருட முடிவில் ஒரு இலட்சம் ரூபா சம்பளம் எடுப்பவருக்கு 250,000 ரூபா வரும். இடையில் 20 சதவீதம் கூடுதலாகத் தரும் வேறு கம்பனிக்கு மாறியவர், மாதம் 20,000 ரூபா மேலதிகமாக உழைத்துப் பதின்மூன்றாவது மாதத்தில் அந்தத் தொகையை எட்டிவிடுவார். மாறுவது சரி என்று இதனால் முடிந்துவிடாது. புதிய இடத்தின் மருத்துவக் காப்புறுதி, வேலை நேரம், அந்தக் கம்பனி நிலைக்குமா என்பவையும் உண்டு. ஆனால் தகப்பனும் மகளும் ஒரு தாளை நடுவில் வைத்து இதைப் போட்டுப் பார்த்தால், அரை மணி நேரத்தில் சண்டை இல்லாமல் பேசி முடிக்கலாம். 'எங்கட காலத்தில' என்று தொடங்கும் பேச்சுக்கு அந்த வசதி இல்லை.

அரச வேலைக்கும் இதே தாள் வேண்டும். 2020இல் ஐம்பதாயிரம் அளவிலான பட்டதாரிகள் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். பலருக்கு மேசையும் இல்லை, வேலையும் இல்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250இல் இருந்து 40,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆக, ஐந்தே வருடத்தில் அந்த வேலையின் பெறுமதி இரண்டு தடவை மாறியிருக்கிறது.

புத்திமதி பழசாகும் வேகம் இப்போது கூடிவிட்டது. அதனால் இது வெள்ளைத் தலைகளைப் பற்றிய விஷயமாக மட்டும் இல்லை. 2015இல் மென்பொருள் கம்பனியில் சேர்ந்து நன்றாக வந்த முப்பத்தைந்து வயது அண்ணன், கோடிங் படித்தால் போதும் என்று தம்பிமாருக்கு இன்றும் சொல்கிறார். ஆரம்ப நிலை ஊழியர் செய்துவந்த நிரல் எழுதும் வேலையில் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எடுத்துக்கொண்டிருக்கும் காலம் இது. வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக்கு வேலை செய் என்கிறவர்கள், பேபால் வழியாகப் பணம் பெறும் வசதி நெடுங்காலமாக நாட்டில் இல்லாததையோ, 2025 ஏப்ரலில் இருந்து அந்த வருமானத்துக்கு 15 சதவீதம் வரை வரி வந்ததையோ சொல்வதில்லை. அவர்களும் தமது நல்ல வருடத்தை மற்றவருக்கு விதியாகக் கொடுக்கிறார்கள்.

இந்தப் பட்டியலில் பெரியவர்கள் சொல்லாமலே விட்ட ஒன்று இருக்கிறது. சிங்களம் எழுதப் படி என்று தமிழ் வீடுகளில் யாரும் வற்புறுத்துவதில்லை. 1956இல் சிங்களம் படிக்க மறுத்து உத்தியோகத்தை விட்டு வந்தவர்கள் மதிக்கப்பட்டார்கள். அந்த மரியாதை நியாயமானது. மொழி அன்று ஒரு கட்டளையாக வந்தது. ஆனால் 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்கிறவர்கள், சிங்களவர் தமிழிலும் தமிழர் சிங்களத்திலும், ஐந்து வருடத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்பது விதி. தமிழில் எழுதக்கூடிய ஒருவர் இல்லாமல் பொலிஸ் நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் நம் ஆட்கள் படும் பாடு தெரிந்ததே. இரண்டு மொழியும் எழுதத் தெரிந்த வழக்கறிஞர், தாதி, மொழிபெயர்ப்பாளர், வங்கி உத்தியோகத்தர் தேவைப்படாத திணைக்களம் இந்த நகரத்தில் இல்லை.

கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் சிங்களத்தை ஜம்பட்டா வீதியில் விளையாடியே பேசக் கற்றுவிடுகிறார்கள். கையில் ஒரு சிங்களப் படிவத்தைக் கொடுத்தால் திணறுகிறார்கள். வெள்ளவத்தைப் பிள்ளைகளில் பலருக்குப் பேச்சே தடுமாறும். இரசாயனவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் ஆளுக்கு இரண்டு ரியூசன் வைத்திருக்கும் பெற்றோர், சாதாரண தரப் பரீட்சை முடிந்து உயர்தர வகுப்பு தொடங்கும் வரையுள்ள அந்த மாதங்களில் சிங்களக் கடிதம், விண்ணப்பம், அறிக்கை எழுதப் பழக்கும் ஒரு வகுப்புக்கும் பணம் கட்டலாம். பழைய மாணவர் சங்கங்கள் மனம் வைத்தால் விவேகானந்தா, சைவ மங்கையர், இந்துக் கல்லூரி போன்ற பாடசாலைகளின் மண்டபங்களிலேயே அதை நடத்த முடியும். அதே வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, 1972இல் பரீட்சை எழுதியவரையும் 1986இல் கனடா போனவரையும் 2022இல் வேலை இழந்தவரையும் அழைத்து, என்ன உழைத்தீர்கள், எவ்வளவு கடன்பட்டீர்கள், எந்த விசாவில் போனீர்கள் என்று பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடலாம்.